கறிக்கடை எலும்பில் கிருமியெதிர்ப்புப் பொருள்: வெள்ளியா, துத்தநாகமா, கைட்டோசானா?

மாட்டுக்கறிக் கடைக்கு எலும்பு வண்டி இரண்டு நாள் வராவிட்டால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஆம்பூரில் கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வந்து என்னிடம் வேதியியல் படித்த மாணவன் ஒருவன் அந்த நாற்றத்தோடு வளர்ந்தவன். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். "சார், எங்க கடை, பெரியப்பா கடை, பக்கத்துல ரெண்டு கடை எல்லாம் சேர்த்தா ஒரு நாளைக்கு எண்பது கிலோ எலும்பு தேறும். வண்டிக்காரர் கொடுக்கிற காசு டீச்செலவுக்குத்தான் ஆகுது. எலும்புல இருந்து கிருமியைக் கொல்ற பயோமெட்டீரியல் செய்யலாம்னு படிச்சேன். நிறைய வழி இருக்கு போல. எதைப் பிடிக்கட்டும்?" என்று கேட்டான்.

பயோமெட்டீரியல் என்றால் உடம்புக்குள்ளோ காயத்திலோ வைக்கத் தகுந்த பொருள். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வழி நிறைய இருப்பது உண்மை. ஒவ்வொன்றுக்கும் அடுப்பு வேறு, உரிமம் வேறு, வாங்குகிற ஆள் வேறு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருந்தது. எலும்புச் சாம்பல் தானாகக் கிருமியைக் கொல்லாது. கொழுப்பும் மஜ்ஜையும் நீக்கி உலர்த்திய எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது. மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். அந்தத் தாதுவின் பெயர் ஹைட்ராக்ஸிஅபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம் அது. பத்துக் கால்சியம் அணுவுக்கு ஆறு பாஸ்பரஸ் அணு, அதாவது 1.67 என்ற விகிதம். நம் எலும்பும் இதே சரக்குதான் என்பதால் உடம்பு அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை, எலும்புச் செல்கள் அதில் ஒட்டி வளர்கின்றன. செல் ஒட்டுகிற பரப்பில் பாக்டீரியாவும் ஒட்டும். ஒருமுறை ஒட்டிப் படலம் கட்டிவிட்டால் மருந்து எளிதில் உள்ளே நுழையாது. அதனால்தான் எலும்புத்தூளோடு கிருமியெதிர்ப்பு ஒன்றையும் சேர்க்கிற வேலை பிறந்தது. ஆக அவன் எடுக்க வேண்டிய முடிவு இரண்டு: எலும்பிலிருந்து எதை எடுப்பது, அதில் எதை ஏற்றுவது.

எந்த எலும்பு

ஆட்டுக்கறிக் கடையில் எலும்பு மிஞ்சாது, கறியோடு சேர்ந்தே எடைபோட்டுப் போய்விடும். நல்லி எலும்புக்குத் தனிப் போட்டியே உண்டு. பிரியாணிக் கடை இலையில் மிஞ்சும் எலும்பு நிறையக் கிடைக்கும். ஆனால் அதில் உப்பு, எண்ணெய், மசாலா, எச்சில் எல்லாம் கலந்திருக்கும். எது ஆடு, எது கோழி என்று பிரிக்கவும் முடியாது. மருத்துவத்துக்குப் போகிற பொருளில் எந்த விலங்கு, எந்தக் கடை, எந்தத் தேதி என்ற மூன்றுக்கும் பதில் இருந்தாக வேண்டும். எச்சில் இலை எலும்பு அந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறது. அதை உரத்துக்கு விட்டுவிடுவதே சரி.

கோழி எலும்பு மெல்லியது, சீக்கிரம் வெந்து வெளுக்கும், அரைக்கவும் எளிது. ஆனால் எலும்பில்லாக் கறியைப் பிரித்து விற்கும் ஆலையின் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். மீன் முள்ளும் செதிலும் காசிமேட்டிலோ தூத்துக்குடியிலோ இருப்பவருக்கு. மாட்டையும் பன்றியையும் தொடாத வீடுகளில் மீன் கொலாஜனுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது குளிர்ந்த ரத்தப் பிராணியின் புரதம், மாட்டுக் கொலாஜனைவிடக் குறைந்த சூட்டிலேயே குலைந்துபோகும்.

இவனுக்கு இருப்பது மாட்டெலும்பு. தடித்தது, தாது நிறைந்தது, ஒரே இனம், எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடியது. பல் மருத்துவத்தில் தாடை எலும்பு கரைந்த இடத்தை நிரப்ப உலகெங்கும் பயன்படும் பயோ-ஆஸ், செராபோன் இரண்டும் மாட்டெலும்பிலிருந்து வருபவைதான். ஒன்று 300 டிகிரி செல்சியஸ் அளவில் பதமாகப் புரதம் நீக்கியது, மற்றது 1200 டிகிரிக்கு மேல் சுட்டது. ஒரே எலும்புக்கு இரண்டு நேரெதிர்ப் பக்குவம். அந்த வித்தியாசத்தில்தான் இந்தத் தொழிலின் பாதிச் சிக்கல் அடங்கியிருக்கிறது.

அவிப்பதா, சுடுவதா

அவித்தால் ஜெலட்டின் கிடைக்கும், சுட்டால் தாது. இரண்டையும் முழுதாக எடுக்க வேண்டுமென்றால் முதலில் அமிலம். நொறுக்கிக் கொழுப்பு நீக்கிய எலும்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போட்டால் தாது கரைந்து இறங்கிவிடும். மெத்தென்று மிஞ்சுவது ஆசீன். அதைச் சுண்ணாம்பு நீரில் ஒரு மாதத்துக்கு மேல், சில இடங்களில் மூன்று மாதம் வரைகூட, ஊறவைத்துக் கழுவி வெந்நீரில் இறக்கினால் ஜெலட்டின். கரைந்த தாதுவைச் சுண்ணாம்பு போட்டுத் திரும்பப் பிடித்தால் டைகால்சியம் பாஸ்பேட், அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. கேரளத்தில் கொரட்டியிலும் காக்கநாட்டிலும் நடப்பது இந்த வேலைதான். எண்பது கிலோ எலும்போடு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. தண்ணீரும் அமிலக் கழிவும் அத்தனை ஆகும். தோல் பதனிடும் கழிவால் பாலாறு பட்ட பாடு ஆம்பூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "இன்னொரு அமிலத் தொட்டி நம்ம ஊருக்கு வேண்டாம் சார்" என்று அவனே சொன்னான். எனக்கு அது பிடித்திருந்தது.

புரத வழியில் இன்னொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் எலும்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும் இயல்புடையது. மாட்டுக்கோ கோழிக்கோ அந்த மருந்து போட்டிருந்தால் மிச்சம் எலும்பில் இருக்கலாம். கிருமி கொல்லும் பொருள் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, பரிசோதனையில் கிருமி செத்தது நாம் சேர்த்ததாலா, மாட்டுக்குப் போட்ட ஊசியாலா என்று தெரியாமல் நிற்க நேரும். சுடும் வழியில் கரிமச் சேர்மம் எதுவும் மிஞ்சாது, அந்தச் சந்தேகம் அடியோடு ஒழிகிறது. ஈயம் மட்டும் சுட்டாலும் போகாது. கால்சியத்தின் இடத்தில் போய் உட்காரும் உலோகம் அது. சாம்பலை ஈயத்துக்குச் சோதிக்காமல் ஒரு கிராம்கூட விற்கக் கூடாது.

ஆகவே சுடலாம் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு சூடு?

வெந்நீரில் சலவைச் சோடா போட்டு எலும்பை நன்றாகக் கொதிக்கவிட்டு, சதையையும் கொழுப்பையும் சுரண்டி, வெயிலில் காயவைத்து உலையில் ஏற்றினால் நிறமே பாடம் நடத்தும். 400 டிகிரியில் கன்னங்கரேல் என்றிருக்கும், புரதம் கரியாகி நிற்கிறது. 600ஐத் தாண்டும்போது சாம்பல் நிறம். 800, 900இல் சுண்ணாம்பு வெள்ளை. கல்லூரி ஆய்வகத்தில் முதல்முறை இதைச் செய்தபோது கொழுப்பைச் சரியாக நீக்காமல் உலையில் வைத்துவிட்டேன். கட்டடம் முழுக்கத் தலைமுடி கருகிய நாற்றம், இரண்டு வகுப்புகளை மரத்தடிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கொழுப்பு நீக்குவதற்கு ஒதுக்கும் நேரம் வீண்போவதே இல்லை.

வெள்ளையாக வெந்துவிட்டால் போதாதா என்றால், இங்கேதான் முடிச்சு விழுகிறது. 600, 700 டிகிரியில் வெந்த எலும்பில் படிகங்கள் நுண்ணியவை, பரப்பு அதிகம், இயற்கையாக அதிலிருக்கும் கார்பனேட்டும் ஓரளவு நிற்கும். அப்படிப்பட்ட தூள்தான் துத்தநாகத்தையோ வெள்ளியையோ கரைசலிலிருந்து நன்றாக இழுத்துக்கொள்ளும். சூடு ஏற ஏறப் படிகம் தடித்து, துளைகள் மூடி, ஓடுபோல் இறுகும். ஆயிரத்தைத் தாண்டினால் உறுதி கூடும், அயனிகளை வாங்கிக்கொள்ளும் சுபாவம் குறையும்.

குறைந்த சூடே நல்லது என்று முடிவுகட்டவும் முடியவில்லை. 1986இல் பிரிட்டனில் இனங்காணப்பட்ட மாட்டின் மூளையைச் சிதைக்கும் பைத்தியப் பசு நோயைப் பரப்பியது மாட்டுக்கே போட்ட இறைச்சி-எலும்புத் தீவனம். அதற்குக் காரணமான பிரையான் புரதம் சாதாரணக் கொதிநிலைக்கு மசியாது. ஆய்வகச் சோதனையில் 600 டிகிரியில் எரித்த சாம்பலில்கூடக் கொஞ்சம் தொற்றுத்திறன் எஞ்சியது, 1000 டிகிரியில் எதுவும் எஞ்சவில்லை. அந்த நோயில் இந்தியாவின் ஆபத்து மிகக் குறைவு என்று உலக விலங்குச் சுகாதார அமைப்பு 2010இலேயே வகைப்படுத்திவிட்டது. ஆனாலும் மனித உடம்புக்குப் போகும் மாட்டுப் பொருள் என்றதும் வாங்குபவரின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். தலையெலும்பையும் முதுகெலும்பையும் எடுக்கவே எடுக்காதே, தொடை எலும்பும் கால் எலும்பும் மட்டும் போதும் என்று அவனிடம் கறாராகச் சொன்னேன். மூளையும் தண்டுவடமும் ஒட்டிய எலும்பு சூளைக்கே வரக்கூடாது.

பாதுகாப்புக்கு அதிகச் சூடு, அயனி ஏற்றக் குறைந்த சூடு. இந்த இழுபறிக்கு நான் சொல்லும் வழி கொஞ்சம் சுற்று. ஆயிரம் டிகிரியில் நன்றாக வேகவைத்து எல்லாவற்றையும் கொன்றுவிடுவது. பிறகு அந்த வெள்ளைச் சாம்பலைக் குறைந்த அளவு அமிலத்தில் கரைத்து, வேண்டிய துத்தநாகத்தை அதிலேயே கலந்து, காரம் ஊற்றி மெதுவாகக் கார நிலைக்கு ஏற்றினால் ஹைட்ராக்ஸிஅபடைட் மறுபடி வீழ்படிவாக வந்து இறங்கும். இந்த முறை படிகம் நானோ அளவில் இருக்கும், துத்தநாகம் மேலே ஒட்டாமல் படிகத்துக்குள்ளேயே கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். இதற்கும் அமிலம் வேண்டும்தான், ஆனால் ஜெலட்டின் தொட்டியைப் போல டன் கணக்கில் இல்லை. வாரத்துக்குச் சில கிலோ தூளுக்குப் பெரிய அண்டா ஒன்று போதும், கழிவு நீரும் நடுநிலையாக்கிய உப்புத் தண்ணீர். எலும்பின் இயற்கையான துளை அமைப்பும் மெக்னீசியம் போன்ற சிற்றளவுத் தாதுக்களில் ஒரு பங்கும் இதில் போய்விடும். துளையுள்ள துண்டாகவே விற்க நினைப்பவருக்கு இந்த வழி உதவாது. தூளாக விற்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எதை ஏற்றுவது

வெள்ளியின் பெயர்தான் எல்லோர் வாயிலும் முதலில் வருகிறது. தீக்காயத்துக்குப் பூசும் வெள்ளைக் களிம்பில் இருப்பது வெள்ளி சல்ஃபாடையசின், ஆகவே அதன் சக்தியில் யாருக்கும் சந்தேகமில்லை. வெள்ளி அயனி பாக்டீரியாவின் நொதிகளிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்கும். மிகச் சிறிய அளவே போதும். உலோகங்கள் இப்படி இம்மியளவில் உயிரைக் கொல்வதற்கு நேகெலி என்ற சுவிஸ் தாவரவியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்.

ஆனால் எலும்போடு சேரும்போது வெள்ளி முரண்டு பிடிக்கும். அதன் அயனி கால்சியத்தைவிடப் பெரியது, படிகத்துக்குள் நெருக்கித்தான் உட்கார வேண்டும். கொஞ்சம் கூடினாலும் வெளியே மஞ்சளாக வெள்ளி பாஸ்பேட் படியும், வெளிச்சம் பட்டால் அது கறுத்துவிடும். வெள்ளைத் தூள் கேட்ட பல் மருத்துவரிடம் சாம்பல் நிறத் தூளை நீட்ட முடியாது. உடம்புத் திரவத்திலுள்ள உப்பின் குளோரைடு வெள்ளியைப் பிடித்து முடக்கவும் செய்யும். அளவு மீறினால் எலும்புச் செல்லும் சேர்ந்தே சாகும். விலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம், நகைக்கடைப் பலகையைப் பார்த்தாலே போதும்.

துத்தநாகத்தின் அடி வெள்ளியைவிட மெதுவானது. அதற்கு வேறு குணங்கள் உண்டு. வளர்ந்த மனித உடம்பில் இரண்டு, மூன்று கிராம் துத்தநாகம் இருக்கிறது, அதில் நல்ல பங்கு எலும்பில். எலும்பு வளரவே அது வேண்டும். உடம்புக்குப் பழக்கப்பட்ட சரக்கு, விலை குறைவு, தூள் வெள்ளையாகவே இருக்கும், வெயிலில் கறுக்காது. அயனி கால்சியத்தைவிடச் சிறியது என்பதால் குறைந்த அளவில் படிகத்துக்குள் இடம் கிடைக்கும். அளவு கூடினால் படிகம் சரியாக வளராமல் குழம்பும், செல்லுக்கும் ஆகாது. கால்சியத்தில் நூற்றுக்கு ஐந்துக்குள் நிறுத்தித் தொடங்கு என்று அவனிடம் சொன்னேன். எண்பது கிலோ எலும்புக்காரனுக்கு என் கை நீளுவது துத்தநாகத்தின் பக்கம்தான்.

செம்பு நமக்குச் சொந்தக்காரன் மாதிரி. செப்புக் குடத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆனால் தூள் நீலப்பச்சை பாயும், செல்லுக்கு அதன் பொறுமை எல்லை துத்தநாகத்தைவிடக் குறுகியது. கைப்பிடி, ஓடு, தளம் என்று வெளிப்பரப்புக்குப் பூசும் பூச்சுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

கைட்டோசான் உலோகம் இல்லை. இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதில் பல காலமாக உழைத்திருக்கிறது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைந்து நேர்மின் ஏற்றம் பெறும், எதிர்மின் ஏற்றமுள்ள பாக்டீரியாச் சுவரில் ஒட்டி அதைக் கிழிக்கும். ரத்தத்தை உறையவைக்கும் குணமும் உண்டு, அமெரிக்க ராணுவம் காயக்கட்டாகவே பயன்படுத்தியிருக்கிறது. எலும்புத் தூளைக் கைட்டோசானில் குழைத்து உறையவைத்து உலர்த்தினால் அழகான பஞ்சு கிடைக்கும். கல்லூரிக் கண்காட்சிக்கு இதைவிடக் கவர்ச்சியான பொருள் இல்லை. ஆனால் நடுநிலை நீரில் அதன் மின்னேற்றம் பெரும்பாலும் போய்விடும், கிருமியெதிர்ப்பும் தளரும். இறால் ஒவ்வாமைக்காரர் பற்றிய கேள்வியும் வரும். பஞ்சு காயத்தில் படுவதால் உரிமமும் வேறு படிக்குப் போய்விடும். இதை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன்.

ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கை ஊறவைத்து விற்கும் யோசனையை நான் முழுதாக மறுக்கிறேன். மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் கையில் அது நல்ல ஆயுதம், 1970 முதல் செயற்கை மூட்டை எலும்போடு பிடித்துவைக்கும் எலும்புச் சிமென்ட்டில் கலந்து வருகிறார்கள். கறிக்கடைக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் அதற்கு வேலையில்லை. மருந்து மெல்ல மெல்லக் கசிந்து, கொல்லப் போதாத அளவில் நெடுநாள் நிற்கும்போதுதான் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி வளர்கிறது. 2012இல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக் எதிர்ப்பைப் பற்றி எச்சரித்த ஆவணத்துக்கே சென்னைப் பிரகடனம் என்றுதான் பெயர். நம் ஊர்ப் பெயர் தாங்கிய எச்சரிக்கையை நாமே மீறக் கூடாது.

தண்ணீர் வடிகட்டி என்ற ஆசை

காற்றுப் புகாமல் எலும்பைச் சுட்டால் எலும்புக்கரி கிடைக்கும். தண்ணீரிலுள்ள ஃப்ளூரைடை அது பிடிக்கும், கென்யாவிலும் தான்சானியாவிலும் அப்படிப் பயன்படுத்துகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கிணறுகளின் ஃப்ளூரைடு நமக்குத் தெரிந்த துயரம், ஆம்பூரிலிருந்து கூப்பிடு தூரம். எனக்கே இதில் ஆசை உண்டு. ஆனால் கரி வடிகட்டியில் பாக்டீரியா குடியேறும் என்பதால் வெள்ளி ஏற்றியாக வேண்டும். கரி நிரம்பியதும் காரத்தில் கழுவிப் புதுப்பிக்க ஊரில் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். மாட்டெலும்பில் வடித்த தண்ணீரைக் குடிக்க எல்லா வீடும் சம்மதிக்காது, மறைத்து விற்பது துரோகம். பஞ்சாயத்தும் மக்களும் அறிந்து முன்வந்தால் மட்டும் தொடலாம்.

யாரிடம் விற்பது

மருத்துவக் கருவிகளுக்கான 2017 விதிகளில் ஏ முதல் டி வரை நான்கு வகுப்பு. விலங்குத் திசுவிலிருந்து செய்து உடம்புக்குள் வைப்பது என்றால் உச்சமான டி வகுப்பில் போய் நிற்கும். அதற்கான தூய அறை, விலங்குச் சோதனை, மனிதச் சோதனை எல்லாம் ஒரு குடும்பத்தின் சேமிப்பில் முடிகிற காரியம் இல்லை. "இம்ப்ளான்ட் செய்யறேன்னு கிளம்பாதே தம்பி, இம்ப்ளான்ட் செய்யறவங்களுக்குத் தூள் கொடு" என்றேன். பல் பொருள் செய்யும் சிறு நிறுவனங்கள், பூச்சுத் தொழில், ஆய்வகங்கள் இவைதான் முதல் வாடிக்கை. சுத்தமான வெறும் சாம்பலுக்கே பீங்கான் தொழிலில் கேட்பு உண்டு, போன் சைனா கோப்பையில் ஏறத்தாழப் பாதி எலும்புச் சாம்பல்தான். கிருமியெதிர்ப்புச் சரக்கு விலைபோகும்வரை கடையை அது தாங்கும்.

வாங்குபவர் நம்புவது தாளைத்தான். எந்தப் படிகம் என்று காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படம், கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம், ஈயம், ஆர்செனிக் அளவு, துத்தநாக அளவு ஒவ்வொரு தொகுதிக்கும் வேண்டும். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாமா என்று முதலில் விசாரிக்கச் சொன்னேன்.

கிருமிச் சோதனையில் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கிருமி வளர்க்கும் அகார் தட்டில் தூளை வைத்து, சுற்றிலும் தெளிந்த வட்டம் வருகிறதா என்று பார்ப்பார்கள். துத்தநாகம் படிகத்துக்குள் கெட்டியாக உட்கார்ந்திருந்தால் அதிகம் கசியாது, வட்டம் வராது. சரக்கு மோசம் என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். வெள்ளி நைட்ரேட் கழுவாமல் ஒட்டிக்கொண்டிருந்தாலோ பெரிய வட்டம் வரும், ஒரு வாரத்தில் அத்தனையும் கசிந்து தீர்ந்துபோகும். தூளைக் கிருமிக் கரைசலில் 24 மணி நேரம் வைத்து, உயிரோடு மிஞ்சிய கூட்டங்களை எண்ணுவதுதான் நேர்மையான வழி. நூற்றில் ஒன்று மிஞ்சினால் இரண்டு லாக், ஆயிரத்தில் ஒன்று மிஞ்சினால் மூன்று லாக் குறைவு. ஸ்டாஃபைலோகாக்கஸ், ஈ.கோலி என்ற இரண்டு பாக்டீரியாவிலும் செய்ய வேண்டும். துத்தநாகம் ஏற்றாத வெறும் தூளையும் பக்கத்தில் வைத்து எண்ண வேண்டும். காரத்தைச் சரியாகக் கழுவாத தூள் தன் காரத்தாலேயே கிருமியைக் கொன்றுவிடும், அதைத் துத்தநாகத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ முதல் ஆறு மாசம் வெறும் சாம்பல், அதுல வாரத்துக்கு ஒரு கிலோ மட்டும் துத்தநாகம்" என்றான். அதேதான். எலும்பு வண்டிக்காரரை அவன் விட்டுவிடவில்லை. தலையெலும்பும் முதுகெலும்பும் இப்போதும் அவர் வண்டியில்தான் போகின்றன. தொடை எலும்பைத் தனியாகப் பொறுக்கிக் கொடுப்பதற்கு அவருக்குக் கூலி பேசியிருக்கிறான். உலைக்குப் புகைபோக்கி வைத்து, வரும் புகையை மறுபடி எரிக்கும் அடுப்பையும் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதுகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் மூட்டை எலும்பைச் சோடாத் தண்ணீரில் கொதிக்கவைக்கப் போகிறான். நானும் போகிறேன்.